பாவசங்கீர்த்தனமும் அதைக் கேட்கும் செவியும்

கத்தோலிக்கத் திருச்சபை அனுஷ்டித்து வரும் ஏழு தேவதிரவிய அனுமானங்களுள், பிற சமயத்தாரின் வியப்புக்கும், சீர்திருத்தச் சபையாரின் மறுப்புக்கும், சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களின் கூச்சத்துக்கும் ஒருங்கே இலக்காகி நிற்பது பாவசங்கீர்த்தனம் ஒன்றே. ஞானஸ்நானத்தை விழாவாகக் கொண்டாடுகிறோம்; விவாகத்துக்கு ஊரைக் கூட்டுகிறோம்; பூசையில் நன்மை வாங்கக் குடும்பத்தோடு வரிசையில் நிற்கிறோம். முழந்தாளிட்டு, ஒரு தட்டியின் மறைவில் அமர்ந்திருக்கும் குருவானவரின் செவியில் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே சொல்லவேண்டிய அந்தச் சில நிமிஷங்களுக்கோ தனியாகவே செல்கிறோம். சர்வேசுரன் அனைத்தையும் அறிந்தவராயிருக்க, அவரிடம் நேரே முறையிடுவது போதாதா, நடுவில் இன்னொரு மனிதன் எதற்கு என்ற கேள்வி வேதசாஸ்திரப் பண்டிதர்களுக்கு மட்டும் உரியதன்று. தருமபுரி மாவட்டத்து ஏரியூரைப் போல, கிறிஸ்தவர் சிலராகவும் மற்றவர் பலராகவும் ஒரே தெருவில் கலந்து வாழும் ஊர்களில், அண்டை வீட்டார் உண்மையான அறியும் ஆவலோடு கேட்கக்கூடிய கேள்வியும் அதுவே. அதற்கு விடை தேடப் புகும்போது, இதுவரை எழுதியவர்களிற் பெரும்பாலோர் சொல்பவனின் மனநிலையையே ஆராய்ந்து, கேட்பவரைப் பற்றிச் சுருக்கமாகப் பேசி முடித்துவிட்டனர் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த அனுமானத்தின் ஆத்மீகப் பயனில் சரிபாதி கேட்கும் செவியைச் சார்ந்தது என்பதே என் துணிபு. தமிழ்நாட்டில் இது வளர்ந்த சரித்திரமும் அதற்கே சாட்சி பகர்கிறது.

மேனாட்டில் இவ்வழக்கம் வளர்ந்த கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆதிச் சபையில், கொலை, விபசாரம், வேத மறுதலிப்பு ஆகிய பெரும் பாதகங்களைச் செய்தவன் சபையார் அறியத் தபசிகளின் வரிசையில் நின்று, நெடுங்காலம் உபவாசமும் கண்ணீருமாய்க் கழித்த பின்னரே மேற்றிராணியாரால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டான். அந்தச் சலுகையும் ஆயுளில் ஒருமுறைதான். வாழ்நாள் முழுவதையும் பிணைக்கும் அந்தக் கடுமைக்கு அஞ்சி, அநேகர் மரணப் படுக்கை வரையில் அதைத் தள்ளிப்போட்டனர். ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவிகள், எத்தனை முறையானாலும் அந்தரங்கமாய்ச் சொல்லிப் பரிகாரம் பெறலாம் என்ற முறையை ஐரோப்பாவெங்கும் பரப்பினார்கள். 589-இல் தொலேதோவில் கூடிய சங்கம், வேண்டும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கும் இப்புது வழக்கத்தைக் கண்டித்தது என்பதை நினைத்தால், இன்று பழமை என்று நாம் கருதுவது அன்று எவ்வளவு பெரிய புதுமையாயிருந்தது என்பது விளங்கும். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் வயது வந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தது. 1551-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திரிதெந்தீன் சங்கத்தின் பதினான்காம் அமர்வு, மனஸ்தாபம், பாவங்களை வெளியிடுதல், பரிகாரம் செய்தல் ஆகிய மூன்றும் பாவியின் பங்கு என்றும், பாவப் பொறுத்தல் கூறுவது குருவின் பங்கு என்றும் வரையறுத்தது. இவற்றுள் எது பிரதானம் என்பதில், அதற்கு முன்பே, வேதசாஸ்திரப் பண்டிதர்களான தாமஸ் அக்குவினாசுக்கும் துன்ஸ் ஸ்கோத்துசுக்கும் இடையே கருத்து வேற்றுமை உண்டு: முன்னவர் பாவியின் செயல்களை அனுமானத்தின் உள்ளடக்கமாகவே கொண்டார்; பின்னவர் குருவின் வாக்கிலேயே அதன் சாரம் முழுவதையும் வைத்தார்.

இத்தனையும் தமிழகத்துக்கு வந்து சேர்ந்தபோது, மேனாட்டார் எதிர்பாராத ஒரு தடை குறுக்கே நின்றது. 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுக்கு வேத சத்தியங்களை விளக்கிச் சொல்வாரோ, அவர்களுடைய மனச்சாட்சியின் பாரத்தைக் கேட்பாரோ நெடுநாள் இல்லை. 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், துபாஷிகளின் துணையால் விசுவாசப் பிரமாணத்தையும் பொதுப் பாவசங்கீர்த்தன மந்திரத்தையும் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் ஒரே குரலில் ஓதும் மந்திரத்துக்கு அந்த அரைகுறைத் தமிழ் போதும். ஒரு மீனவன் தன் பங்காளிக்குத் தான் இழைத்த துரோகத்தைச் சொல்ல வரும்போது, அவன் தயங்கும் இடத்தையும், வார்த்தையை விழுங்கும் இடத்தையும், பழியைப் பிறன்மேல் சாய்க்க முயலும் இடத்தையும் அறிந்துகொள்ள அது போதாது. நடுவே துபாஷி ஒருவனை நிறுத்தினாலோ, பாவசங்கீர்த்தனம் பஞ்சாயத்தாக மாறிவிடும்.

இந்தக் குறையை உணர்ந்து அதற்கே தன் ஆயுளைச் செலவிட்டவர் அன்றீக்கு அடிகளார் என்று தமிழர் அறிந்த என்ரீக்கே என்ரீக்கஸ். போர்த்துகல் தேசத்து வில்லா விசோசாவில் 1520-இல், யூத மரபிலிருந்து கிறிஸ்தவரானவர்களின் வமிசத்தில் பிறந்தவர். பிறப்பை முன்னிட்டு மனிதரை ஒதுக்கும் கொடுமை அவருடைய நாட்டிலும் இருந்தது, அதன் கசப்பையும் அவர் அறிந்திருந்தார். 1546-இல் இந்தியாவுக்கு வந்து, சவேரியாரின் ஆணைப்படி தமிழைக் கற்கத் தொடங்கி, இலக்கணம் வகுக்கும் அளவுக்கு அதில் தேர்ச்சி பெற்று, துபாஷியின்றியே ஜனங்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலானார். 1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகப் போற்றப்படுகிறது. மறு ஆண்டில் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. அதற்கும் அடுத்த ஆண்டில், 1580-இல், அதே கொச்சியில் அவர் அச்சிட்டது ‘கொம்பெசியோனாயரு’ என்னும் பாவசங்கீர்த்தன நூல். அச்சு என்னும் கருவி தமிழுக்கு வாய்த்த மூன்றாம் ஆண்டிலேயே, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பொருட்டு ஒரு நூல் வெளியாயிற்று என்பதை நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் ஒரு வரியில் குறிப்பிட்டுக் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. காப்பியம், நீதி, வைத்தியம், சோதிடம் என்று எத்தனையோ துறைகள் அச்சுக்குக் காத்திருக்க, சாமானிய மனிதன் ஒருவன் தன் குற்றத்தைத் தன் பேச்சிலேயே எடுத்துரைக்க வழிகாட்டும் நூல் முந்திக்கொண்டதென்றால், ஒரு குரு அந்த மனிதனின் குரலை எவ்வளவு உயர்வாக மதித்தார் என்பது புலனாகும். அவர் 1600-இல் காலமாகும் வரை அக்கடற்கரை மக்களோடேயே வாழ்ந்தார்.

உள்நாட்டு மிஷன்களின் கதை இத்தனை தெளிவானதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி, மொழியறிவில் தமிழ்ப் பண்டிதர்களுக்கு நிகராக விளங்கினார். ஆயினும் பிராமண சந்நியாசியின் வேஷமும் ஆசாரமும் பூண்டவருக்கு, தாழ்த்தப்பட்ட குலத்து விசுவாசி ஒருவனை ஊரறியத் தம்மிடத்தில் அணுகவிட வழியில்லாமற் போயிற்று. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே 1640 முதல் பல்தசார் தா கோஸ்தா தொடங்கிப் பண்டாரசுவாமிகள் என்ற தனி வகுப்புக் குருக்கள் ஏற்பட்டனர். அவர்கள் செய்த தொண்டு பெரிது. பசியையும் இராப்பயணத்தையும் பொருட்படுத்தாமல் சேரிகளைத் தேடிச் சென்றவர்கள் அவர்கள். என்றாலும், பாவத்தில் எல்லாரையும் சமமாக்கும் ஓர் அனுமானத்தில், யார் யாருடைய செவிக்கு எட்டலாம் என்பதைச் சாதி நிர்ணயித்தது மறைக்கக்கூடாத குறை. செவியின் வாசலில் காவல் வைத்த சபை, உள்ளே நடக்கும் மன்னிப்பின் பூரணத்தையும் அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டது என்றே நான் கருதுகிறேன்.

தருமபுரிச் சீமை அக்காலத்தில் பாராமகால் என்று வழங்கப்பட்டு, 1792-இல் ஆங்கிலேயர் கைக்கு வரும் வரையில் மைசூர் அரசின் கீழ் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை மையமாகக் கொண்டு பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த இயேசு சபையாரின் மைசூர் மிஷனோடு இப்பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தொடர்புடையவர்கள். 1773-இல் பாப்பரசர் இயேசு சபையைக் கலைத்தபின், பாரிஸ் வேதபோதக சபையார் வந்து பொறுப்பேற்றும், குருக்களின் தொகை பல காலம் தேவைக்கு ஈடாகவில்லை. சேலம் மேற்றிராசனம் 1930-இலும், அதிலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் 1997-இலும் உருவாயின. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது நீர்த்தேக்கத்தில் மூழ்கிய கிராமங்களோடு பண்ணவாடியின் இரட்டைக் கோபுர தேவாலயமும் மூழ்கிற்று. ஏரியூர் வட்டாரத்து நாகமறைத் துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் போய் வருவோர், நீர் வெகுவாக வற்றும் கோடைகளில் அதன் கோபுரங்களைக் காண்பதுண்டு. கோவில் போனாலும் குடிகள் மேட்டில் ஏறி வாழ்ந்தார்கள். அவர்களுடைய தேவ காரியங்களும் தொடர்ந்தன.

குருவானவர் எப்போதாவதுதான் வந்து போகக்கூடிய இத்தகைய தூரத்து ஊர்களில் ஜனங்கள் பாவப்பொறுத்தலுக்கு என்ன செய்தார்கள்? இங்கேதான் ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ என்னும் சிறு செபத்தின் அருமை தெரிகிறது. நரகத்துக்கு அஞ்சி வருந்துவது சாதாரண மனஸ்தாபம். நேசத்துக்குரியவரை நோகச் செய்தோமே என்று அவர் நிமித்தமாகவே வருந்துவது உத்தம மனஸ்தாபம். பின்னதை உடையவன், சமயம் வாய்க்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்ற ஆசையோடு இருப்பானேல், குருவானவரைக் காணுமுன்னரே சாவான பாவத்திலிருந்தும் விடுதலை பெறுகிறான் என்பது திரிதெந்தீன் சங்கத்தின் உபதேசம். எழுத்தறியாத பாட்டிமாரும் இந்த மந்திரத்தை மனப்பாடமாக அறிந்து, சாகுந்தறுவாயில் இருப்பவரின் காதருகில் சொல்லிக்கொடுத்த வழக்கம் தமிழகக் கிராமங்களில் உண்டு. ஆகவே, கத்தோலிக்கர் மனிதனின் மன்னிப்பைத் தெய்வத்தின் மன்னிப்புக்கு மாற்றாக வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அடிப்படையில்லை. மன்னிப்பு சர்வேசுரனுடையது; அந்த மன்னிப்பைச் சந்தேகமின்றித் தன் காதால் கேட்கவேண்டும் என்பது மனிதனுடைய தேவை.

அத்தேவை எத்தகையது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். நம் ஞானோபதேசங்கள் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்களைக் குறிக்கின்றன: ஆத்தும சோதனை செய்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லையென்று பிரதிக்கினை பண்ணுதல், குருவிடம் சொல்லுதல், அவர் கட்டளையிட்ட அபராதத்தைத் தீர்த்தல். இவற்றில் முதல் மூன்றையும் ஒருவன் தன் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். ஆனால் தனிமையில் செய்யப்படும் ஆத்தும சோதனையில் வாதியும் பிரதிவாதியும் நீதிபதியும் ஒருவனே. அங்கே குற்றம் ஒன்று பெருகி மனிதனை நசுக்கிவிடும், அல்லது சாக்குப்போக்குகளில் கரைந்து மறைந்துவிடும். உள்ளபடி உள்ள அளவில் அது நிற்பது அபூர்வம். வாய்திறந்து, ‘இதை நான் செய்தேன்’ என்று இன்னொருவர் கேட்கச் சொல்லும்போதுதான், மங்கலான குற்ற உணர்ச்சி பெயரும் எல்லையும் உடைய ஒரு செயலாக வெளிவருகிறது. அப்போது கேட்பவர் திடுக்கிடவுமில்லை, இகழவுமில்லை, அலட்சியமாய்த் தள்ளவுமில்லை என்ற அநுபவம், எவ்வளவு சிறந்த தியானத்தாலும் தனியே கிடைக்காதது. லூக்காஸ் சுவிசேஷத்து ஊதாரிப் பிள்ளை, தகப்பனிடம் சொல்லவேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். ஆனால் அவனைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்க நினைத்திருந்த கடைசி வாக்கியத்துக்கு இடம் கொடாமலே தகப்பன் அவனை மகனாக ஏற்றுக்கொண்டான். ஒத்திகை பார்த்தவனுக்கு அந்த முடிவு தெரியாது. கேட்பவர் ஒருவர் இருந்ததால்தான் அது நிகழ்ந்தது.

இந்த உண்மை கிறிஸ்தவருக்கு மட்டும் சொந்தமன்று. பௌத்த பிக்குகள் உபோசத நாளில் சங்கத்தின் முன் தம் பிழைகளை வெளியிட்டனர். சமணர் குருவின் முன்னிலையில் ஆலோசனையும், ஆண்டு முடிவில் எல்லா உயிர்களிடத்திலும் மன்னிப்புக் கோரும் பிரதிக்கிரமணமும் அநுஷ்டிக்கின்றனர். காந்தியடிகள் தமது சத்திய சோதனையில் எழுதியிருக்கும் இளமைக்கால நிகழ்ச்சியையும் இங்கு நினைக்கலாம்: கடன் தீர்ப்பதற்காகத் தமையனின் காப்பிலிருந்து பொன் எடுத்ததை ஒரு கடிதத்தில் எழுதி, தண்டனையும் வேண்டி, நோயுற்றிருந்த தகப்பனாரிடம் நடுங்கிக்கொண்டே நீட்டினார், தகப்பனார் படித்து, கண்ணீர் விட்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டார். குற்றத்தைக் கேட்கும் உரிமை உடையவரிடம், மீண்டும் செய்வதில்லை என்ற பிரதிக்கினையோடு சொல்வதையே அவர் தூய மனமாற்றமாகப் போற்றினார். கேட்கும் உரிமை எனும் இக்கருத்து மிக முக்கியமானது. கண்டவரிடமெல்லாம் தன் குற்றத்தைக் கொட்டுவது பாவசங்கீர்த்தனமாகாது. கேட்பவருக்கு மன்னிக்க அதிகாரம் இருக்கவேண்டும். மறந்தும் வெளியிடாத கடப்பாடும் இருக்கவேண்டும். உயிர்த்தெழுந்த கிறிஸ்து தம் சீஷர்களுக்குப் பாவங்களை மன்னிக்கவும் மன்னியாமலிருக்கவும் அதிகாரம் அளித்ததாக அருளப்பர் சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரம் கூறுவதையே கத்தோலிக்கர் ஆதாரமாகக் கொள்வர்.

சீர்திருத்தச் சபையாரின் மறுப்பைக் கூறும்போது, லுத்தரையே அவர்களில் பலர் மறந்துவிடுகின்றனர். பாவங்களை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்லவேண்டும் என்ற கட்டாயத்தை அவர் எதிர்த்தாரேயன்றி, தனித்துச் சொல்லி மன்னிப்பின் வாக்கைக் கேட்பதை அவர் ஒழிக்கவில்லை. 1530-ஆம் ஆண்டின் ஆகஸ்பர்க் விசுவாச அறிக்கை அதைச் சபையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு வழிவந்த சபைகளிலும், 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் இன்று வழங்குவது பெரும்பாலும் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொதுப் பாவ அறிக்கை. அதன் பயனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் சொற்களுக்குள் தன் சொந்தக் குற்றத்தை மறைத்துக்கொள்ள இடமிருக்கிறது.

அடிக்கடி மன்னிப்புக் கிடைப்பதால் பாவத்தின் மீது அச்சம் போய்விடும் என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதியாதவனுக்குப் பாவப்பொறுத்தல் கிடையாது என்ற பழைய விதி ஒன்றே போதும். வேறொரு ஆட்சேபம் மிகக் கனமானது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. கேட்கும் செவிக்கு இவ்வளவு அதிகாரம் இருக்குமானால், அச்செவி கெட்டுப்போனால் என்ன ஆகும்? 2018-இல் கேரளத்தில், மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் குருக்கள் சிலர்மீது, பெண்மணி ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் கொண்டே அவரை மிரட்டிப் பலாத்காரம் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவர் இவ்வழக்கத்தையே ஒழிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தார். திருச்சபைகள் அதை எதிர்த்தன. இத்தகைய அபாயம் கத்தோலிக்கச் சபையும் அறியாததன்று. பதினாறாம் நூற்றாண்டில் மிலான் நகரத்து கார்லோ பொரோமேயோ குருவுக்கும் பாவிக்கும் நடுவே தட்டி வைக்கும்படி கட்டளையிட்டதும், 1741-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர், பாவசங்கீர்த்தனத்தைச் சாக்கிட்டுத் துர்நடத்தைக்கு அழைக்கும் குருவைத் தண்டிக்கக் கடுஞ்சட்டம் இயற்றியதும் அதன் பொருட்டே. இரகசியத்தை நேரடியாக மீறும் குரு, வேறு எவருடைய தீர்ப்பும் வேண்டாமலே சபைக்குப் புறம்பாகிறார் என்பது இன்றைய சபைச் சட்டம். சட்டம் இருந்தும் அக்கிரமம் நடந்திருக்கிறது. அப்படி நடந்த இடத்தில் ஓர் ஆத்துமா சர்வேசுரனிடமே போகும் வழியை இழக்கிறது. பாதிக்கப்பட்டவர் பேசும்போது சபை தன் கௌரவத்தைக் காப்பதற்காக அவரை மௌனப்படுத்துமானால், கேட்பதற்கென்றே ஏற்பட்ட ஸ்தாபனம் கேட்க மறுத்ததாகும்.

இன்னொரு குறையையும், தருமபுரி மாவட்டத்தை நினைத்தே, சொல்லவேண்டும். நம்முடைய ஆத்தும சோதனைப் பட்டியல்கள் பூசை காணாதது, பொய் சொன்னது, துர்ச்சிந்தனை கொண்டது இவற்றை வரிசையாய்க் கேட்கின்றன; சுற்றிலும் நடக்கும் பெரும் பாவங்களைக் கேட்பதில்லை. தருமபுரியும் சேலமும் பெண் சிசுக்கொலையால் நாடறிந்த அவப்பெயர் பெற்றவை; 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் தருமபுரிக்கும் விரிந்தது. 2012-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஒரு கலப்பு மணத்தைக் காரணங்காட்டி, நத்தம் முதலிய தலித் குடியிருப்புகள் தருமபுரி அருகே எரிக்கப்பட்டன. இவை எந்தச் சமயத்தார் செய்தவை என்று கேட்டு ஒதுங்குவது எளிது. சாதிப் பெருமையும் பெண் குழந்தையைப் பாரமென எண்ணும் மனப்பான்மையும் சமய எல்லைகளைப் பார்ப்பதில்லை என்பதை அறியாதவர் யார்? 1984-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதிய ஒப்புரவு பற்றிய ஊக்கவுரை, சமூகத்தின் பாவம் என்பது தனிமனிதர் பலருடைய பாவங்கள் திரண்டு உறைந்ததே என்று விளக்கியது. அப்படியானால், கூலியில் பிடித்துக்கொண்டது, அயல்சாதியாருக்குத் தனிக் குவளை வைத்தது, பேத்தி பிறந்த செய்தி கேட்டு மருமகளை ஏசியது ஆகிய ஒவ்வொன்றும் அந்தத் தட்டியின் முன் சொல்லப்படவேண்டியவை. அவற்றைக் கேட்கத் தெரியாத குருவுக்கு ஜனங்கள் அவற்றைச் சொல்லவும் மாட்டார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1973 டிசம்பரில் வெளியான புதிய சடங்கு முறை, வேதவசனத்தை முன்வைத்து, குருவும் பாவியும் முகமுகமாய் அமர்ந்து பேசவும் இடமளித்து, ஒப்புரவு அருட்சாதனம் என்ற பெயரோடு தமிழில் வழங்குகிறது. ஆனால் நன்மை வாங்குவோர் கூடிக்கொண்டே போக, பாவசங்கீர்த்தனம் செய்வோர் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது எந்தப் பங்கிலும் கண்ணாற் காணக்கூடியது. இதற்கு விசுவாசிகளின் அசட்டையை மட்டும் காரணமாகக் காட்டுவது நியாயமன்று. பங்குக் குருக்கள் மக்களுக்கு வசதியான குறித்த நாள்களிலும் நேரங்களிலும் பாவசங்கீர்த்தனம் கேட்க அமரவேண்டும் என்று சபைச் சட்டத்தின் 986-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. பள்ளிக்கூட நிர்வாகமும் கட்டட வேலையும் கணக்கு வழக்கும் அந்நேரத்தை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மேற்றிராணியாருடையது. பென்னாகரம், ஏரியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் போய்த் தங்கியிருக்கும் குடும்பங்கள் பல. அங்குள்ள கோவில்களில் கன்னடத்திலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பூசை காணும் அவர்கள், மொழிபெயர்ப்பாளர் மூலமாகச் சொல்லச் சட்டம் இடமளித்தாலும், அப்படிச் சொல்ல ஒருநாளும் துணியமாட்டார்கள். தவக்காலத்தில் ஒரு வாரமேனும் தமிழறிந்த குரு ஒருவர் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே சென்று, வேலை முடிந்த இரவு நேரத்தில் அமர்ந்து கேட்கும்படி, தருமபுரி மறைமாவட்டத்தாரும் அந்தந்த ஊர் மறைமாவட்டத்தாரும் கலந்து ஓர் ஏற்பாடு செய்வது, இப்பொழுதே தொடங்கக்கூடிய காரியம்.